டயாலிசிஸ் செய்கிறவரை முதியோர் இல்லத்தில் விடுவது: மருந்துத் தாளை வைத்து ஒரு மதிப்புரை

பாளையங்கோட்டையிலிருந்து கொஞ்சம் தள்ளி, நர்சுகளை வைத்து நடத்துகிற ஒரு முதியோர் இல்லத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. நல்லதோடு குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறார், அங்கேயே இருக்கவும் போகிறார். அறையில் காற்று வருமா, சாப்பாடு எப்படி, வாசலில் மரம் உண்டா என்று கேட்பவர்களுக்கு: வரும், பரவாயில்லை, இரண்டு வேம்பு உண்டு. இனி மருந்துக்கு வருகிறேன்.

நான் கூட்டுறவுத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று சங்கம் சங்கமாகப் போய்ப் பேரேட்டைப் புரட்டியே காலம் போனது. யாராவது ஒரு பதிவேட்டை நீட்டினால் கடைசிப் பக்கத்திலிருந்து பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. அண்ணனுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சர்க்கரை, பிரஷர், அதன் முடிவாக இரண்டு கிட்னியும் போய், செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், அதாவது கிட்னிக்குப் பதிலாக மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்வது. வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு மணி நேரம் படுக்க வேண்டும். மதினி இல்லை. பையன் வெளிநாட்டில். என் வீடோ மாடி. அதனால் இல்லம்.

இது இரண்டாவது இல்லம். முதல் இடத்திலிருந்து ஏன் கூட்டிக்கொண்டு வந்தோம் என்று சொன்னால்தான் நான் எதைப் பார்த்து மார்க் போடுகிறேன் என்பது புரியும். அண்ணனுக்குச் சர்க்கரையால் பாதம் எரியும். அதற்கு யாரோ ஒரு டாக்டர் காபாபென்டின் 300 மில்லிகிராம், வேளைக்கு ஒன்றாக மூன்று வேளை எழுதிக் கொடுத்திருந்தார். கிட்னி நன்றாக உள்ளவர்களுக்கு அது சாதாரண அளவு. ஆனால் அந்த மருந்து உடம்பிலிருந்து வெளியேற இருக்கிற ஒரே வழி கிட்னிதான். கிட்னி வேலை செய்யாதவருக்கு இன்று கொடுத்தது நாளைக்கும் இருக்கும், அதன் மேல் நாளைய மாத்திரையும் ஏறும். ஒரு வாரத்தில் அண்ணன் பேச்சு குழற ஆரம்பித்தது. கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுத்தது. சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கினார். அங்கிருந்தவர்கள் சொன்ன பதில்: "வயசாச்சுல்லா மேடம், அப்படித்தான் இருக்கும்." டயாலிசிஸ் யூனிட்டுக்கு வருகிற கிட்னி டாக்டர்தான் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்து உடனே நிறுத்தச் சொன்னார். இரண்டு டயாலிசிஸ் முடிந்ததும் ஆள் தெளிந்துவிட்டார். இப்போது அதே மருந்து 100 மில்லிகிராம், டயாலிசிஸ் முடிந்த பிறகு மட்டும். பாதம் எரிகிறதா என்றால், கொஞ்சம் எரிகிறது. ஆனால் என் பெயர் அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

அன்றைக்கு அந்த டாக்டர் சொன்னதைத்தான் நான் அளவுகோலாக வைத்திருக்கிறேன். டயாலிசிஸ் செய்கிறவருக்கு எந்த மாத்திரை கொடுத்தாலும் இரண்டு கேள்வி கேட்க வேண்டுமாம். இது கிட்னி வழியாகப் போகிற மருந்தா? மெஷின் இதை இழுத்து வெளியே தள்ளிவிடுமா? முதல் கேள்வியைக் கேட்காவிட்டால் மருந்து உடம்பில் தேங்கும். இரண்டாவதைக் கேட்காவிட்டால் காலையில் கொடுத்தது மத்தியானம் மெஷினோடு போய்விடும். அட்டனலால், மெட்டோப்ரோலால் போன்ற பிரஷர் மாத்திரைகளை மெஷின் எடுத்துவிடும், அம்லோடிபினைத் தொடாது. பி காம்ப்ளெக்ஸ், ஃபோலிக் ஆசிட் இரண்டும் தண்ணீரில் கரைகிறவை, அதனால் முடிந்து வந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். பல ஆன்டிபயாடிக்குகளுக்கும் இதே கதைதான்.

சரி, இந்த இல்லம். சேர்க்கும்போது மேலாளர் முதலில் கேட்டது அட்வான்ஸ் இல்லை, மாத்திரைப் பை. ஹெட் சிஸ்டர் பையை மேஜையில் கொட்டி, ஒவ்வொரு அட்டையையும் திருப்பி, உள்ளே இருக்கிற மருந்தின் பெயரைப் படித்து எழுதினார். கம்பெனிப் பெயரை அடைப்புக்குறிக்குள்தான் போட்டார். இதற்கே நான் பாதி மார்க் கொடுத்துவிட்டேன். ஏனென்றால் மெடிக்கலில் ஒவ்வொரு மாதமும் கம்பெனி மாறும். "அதே மருந்துதான்க்கா, வேற பேரு" என்று கொடுப்பார்கள். பழைய அட்டையில் நாலு மிச்சம் இருக்கும், புது அட்டையும் வரும், இரண்டையும் கொடுத்துவிடுவார்கள். இங்கே ஒரு தடவை அப்படி நடக்கவிருந்ததைத் தடுத்தார்கள். இல்லத்துக்கு வாரம் ஒரு முறை வருகிற பொது டாக்டர், டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சேர்ந்த ஒரு பிரஷர் மாத்திரையை எழுதினார். அண்ணன் ஏற்கெனவே தனியாக அம்லோடிபின் சாப்பிடுகிறவர். உள்மருந்துப் பெயரில் தாள் எழுதியிருந்ததால், இரண்டாவது அம்லோடிபினைச் சேர்க்கும்போதே சிஸ்டருக்கு இடித்தது. டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டார். டாக்டரும் கோபப்படாமல் அடித்து எழுதினார்; அதையும் சொல்ல வேண்டும்.

அந்தத் தாளைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன். கட்டில் தலைமாட்டில் ஒன்று, நர்சு மேஜையில் ஒன்று, டயாலிசிஸுக்குப் போகும் நோட்டில் ஒன்று. மேலே சிவப்பு எழுத்தில் "டயாலிசிஸ்". அதற்குக் கீழே "இடது கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ஊசி கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது." அந்தக் கையில்தான் ஃபிஸ்டுலா இருக்கிறது. ரத்தக் குழாய்கள் இரண்டை இணைத்துத் தைத்த இடம் அது. விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று அதிர்வது தெரியும். காலையில் சிஸ்டர் முதல் வேலையாக அதைத் தொட்டுப் பார்த்து டிக் போடுகிறார். அதிர்வு நின்றிருந்தால் அடைத்துவிட்டது என்று அர்த்தம், உடனே ஓட வேண்டும். வாட்ச்கூட அந்தக் கையில் கட்ட விடுவதில்லை.

இப்போது குறை சொல்லும் இடம் வருகிறது. முதலில் வைத்திருந்த தாளில் தலைப்பு திங்கள், செவ்வாய், புதன் என்று கிழமையாக ஓடியது. அண்ணனுக்குக் காலையில் அம்லோடிபின், பிரசோசின் என்று இரண்டு பிரஷர் மாத்திரை. டயாலிசிஸ் அன்று காலையில் இந்த இரண்டும் கிடையாது. மெஷின் உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கும்போது பிரஷர் தானாகவே இறங்கும், மாத்திரையும் சேர்ந்தால் அதலபாதாளத்துக்குப் போய்விடும். திரும்பி வந்து பிரஷர் பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள். ஆர்க்காமின் என்று இன்னொன்று உண்டு, உள்ளே இருப்பது குளோனிடின். அதை மட்டும் எந்த நாளும் விடக் கூடாது என்று கிட்னி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். திடீரென்று நிறுத்தினால் பிரஷர் எகிறிக் குதிக்கும். ஆகவே "டயாலிசிஸ் அன்னைக்குப் பிரஷர் மாத்திரை கிடையாது" என்று மொட்டையாகச் சொல்லி வைப்பதும் ஆபத்துதான். எது நிறுத்தம், எது தொடரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், டாக்டர் எழுதித் தர வேண்டும். எங்கள் தாளில் அது செவ்வாய், வியாழன், சனி என்ற கட்டங்களில் ஒழுங்காகவே இருந்தது.

ஆனித் தேரோட்டம் வந்தது. நெல்லையப்பர் தேர் ஓடுகிற அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. டயாலிசிஸ் யூனிட்டில் வியாழக்கிழமை ஆட்களை வெள்ளிக்கு மாற்றினார்கள். சொல்லத்தான் செய்தார்கள், வேன் டிரைவரிடம். வேன் டிரைவர் காவலாளியிடம் சொன்னார். தாள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை, வியாழன் கட்டத்தில் "நிறுத்தம்" என்று இருந்தது, நிறுத்தினார்கள். டயாலிசிஸும் இல்லை, மாத்திரையும் இல்லை, சாயங்காலம் பிரஷர் 190 வரை ஏறியது. மறுநாள் வெள்ளிக் கட்டத்தில் "கொடு" என்று இருந்தது. கொடுத்தார்கள். ஏழு மணிக்கு மாத்திரை, பதினொரு மணிக்கு மெஷின், ஒன்றரை மணிக்குப் பிரஷர் 80. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து அண்ணன் கத்தியிருக்கிறார். காலைத் தூக்கி வைத்து, தண்ணீர் இழுப்பதை நிறுத்தி, சலைன் ஏற்றி மீட்டார்கள். அதன் விளைவு, எடுக்க வேண்டிய தண்ணீரை முழுதாக எடுக்க முடியவில்லை. டிரை வெயிட்டுக்கு, அதாவது மிச்சத் தண்ணீரெல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடைக்கு, மேலே ஒன்றரைக் கிலோவோடு திரும்பி வந்து, அன்று ராத்திரி மூச்சு வாங்கி உட்கார்ந்தே இருந்தார்.

நான் போய்ச் சத்தம் போட்டேன். பணியில் இருந்த சிஸ்டர் அழுகிற நிலையில் இருந்தார். "அக்கா, தாள்ல வியாழன்னு போட்டிருந்திச்சு, நிறுத்துனேன். வெள்ளிக்குக் கொடுன்னு இருந்திச்சு, கொடுத்தேன். நான் என்ன செய்யட்டும்?" தாளை வாங்கிப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் பெண்ணிடம் கோபமில்லை. அவர் எழுதியிருந்தபடிதான் செய்திருக்கிறார். தப்பு கட்டத்தின் தலைப்பில் இருந்தது. சங்கங்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன்: படிவம் தப்பாக இருந்தால் நேர்மையான ஆள்தான் முதலில் மாட்டுவார், படிவத்தை மதிக்காதவன் தப்பித்துவிடுவான்.

மேலாளரிடம் மறுநாள் பேசினேன். மனுஷர் சமாளிக்கவில்லை. கிழமைத் தலைப்பை எடுத்துவிட்டு "டயாலிசிஸ் நாள்", "மற்ற நாள்" என்று இரண்டே தாள் போட்டார்கள், ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. சாயங்காலம் ஆறு மணிக்கு சிஸ்டரே யூனிட்டுக்குப் போன் போட்டு நாளைய நேரத்தைக் கேட்டு, அதற்கேற்ற தாளை மாட்டுகிறார். யார் கேட்டார், யார் சொன்னார் என்று நோட்டில் இரண்டு பெயர் இருக்கும். அதன் பிறகு தீபாவளிக்கு நாள் மாறியபோது ஒன்றும் குழம்பவில்லை. குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் வேன் மாட்டிக்கொண்டு நேரம் தள்ளிப்போனால் டிரைவர் இப்போது சிஸ்டருக்குத்தான் கூப்பிடுகிறார், காவலாளிக்கு இல்லை.

மதியச் சாப்பாட்டு மாத்திரையில் இவர்கள் செய்திருக்கிற வேலை எனக்கு மிகவும் பிடித்தது. செவெலமர் என்று ஒரு மாத்திரை. சாப்பாட்டில் இருக்கிற பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வெளியே கொண்டுபோவதுதான் அதன் வேலை. பாஸ்பரஸை மெஷின் முழுதாக எடுக்காது. ரத்தத்தில் ஏறினால் உடம்பெல்லாம் அரிக்கும், எலும்பு கெடும், ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படியும். சாப்பாட்டோடு சேர்ந்து உள்ளே போனால்தான் பிடிக்கும். வெறும் வயிற்றில் கொடுப்பது காசைக் கரைப்பதுதான். பல இடங்களில் "மதியம் 1 மணி" என்று எழுதி வைத்து, ஆள் மெஷினில் படுத்திருக்கும்போது உதவியாளர் தண்ணீரோடு கொடுத்துவிடுகிறார். அண்ணன் போகிற யூனிட்டில் டயாலிசிஸ் நடக்கும்போது சோறு சாப்பிட விடமாட்டார்கள், பிரஷர் இறங்கும் என்று. அவர் சாப்பிடுவது திரும்பி வந்து நாலு மணிக்கு. இங்கே தாளில் மணியே இல்லை. "இரண்டு கவளம் உள்ளே போனதும்" என்று எழுதியிருக்கிறார்கள். பரிமாறுகிற அக்காவிடமே மாத்திரைக் கிண்ணம் தட்டோடு வருகிறது. 800 மில்லிகிராம் மாத்திரை பெரிதாக இருந்து விழுங்கச் சிரமப்பட்டார். பொடித்துக் கொடுக்கலாமா என்று நான் கேட்டதற்கு ஹெட் சிஸ்டர், "பொடிக்கக் கூடாதுக்கா, உள்ள போயி ஊதுற மருந்து இது, தொண்டையில ஊதிட்டா?" என்றார். டாக்டரிடம் கேட்டு 400 மாத்திரை இரண்டாக மாற்றி வாங்கிவிட்டார்.

இதே மாத்திரை வேறு மருந்தையும் பிடித்துக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரியாது. சிப்ரோபிளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்கோ தைராய்டு மாத்திரையோ இதோடும் கால்சியத்தோடும் சேர்ந்து போனால் உடம்பில் சரியாக ஏறாது. பக்கத்துக் கட்டில் ஆச்சிக்குத் தைராய்டு உண்டு, அவருக்கும் டயாலிசிஸ். விடிகாலையிலேயே எழுப்பி அதை மட்டும் கொடுத்துவிடுகிறார்கள். ஆச்சிக்கு அதில் பெரிய கோபம். "உறங்கவிடாம எழுப்பி மருந்து குடுக்காளுவோ" என்று என்னிடம் புகார் சொன்னார். நான் சிஸ்டர் பக்கம்தான்.

தண்ணீரும் மருந்துக் கணக்கில் சேரும். அண்ணனுக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி. ஒரு டஜன் மாத்திரைக்கு ஒவ்வொன்றுக்கும் அரை டம்ளர் குடித்தால் அதிலேயே கணக்கு முடிந்துவிடும், அப்புறம் சித்திரை வெயிலில் தாகத்துக்கு என்ன செய்வது? சாப்பாட்டோடு போகக் கூடியதையெல்லாம் ரசம் சோற்றோடு கொடுத்து, தனியாகப் போக வேண்டியதற்கு மட்டும் அளந்த சின்ன டம்ளர். வாசலில் ஒரு பலகை: இளநீர், பழச்சாறு, பதநீர் எதுவும் சிஸ்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. நம்மூரில் நோயாளியைப் பார்க்க வெறும் கையோடு யாரும் வரமாட்டார்கள். இளநீர்க் குலையோடு வருவார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். டயாலிசிஸ் ஆளுக்கு அது இதயத் துடிப்பையே நிறுத்தக் கூடியது. எங்கள் சித்தப்பா மகன் ஒருவன் "சோடியம் குறைந்த உப்பு" என்று நல்லெண்ணத்தில் ஒரு பாக்கெட் வாங்கி வந்தான். சமையல்கார அக்கா அட்டையைப் படித்துவிட்டு, "இதுல பொட்டாசியம்லா போட்டிருக்கு தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சமையலறை வரை இந்தச் செய்தி போயிருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம்தான்.

இன்சுலின் பற்றிச் சுருக்கமாக. கிட்னி போனவர்கள் உடம்பில் இன்சுலின் அதிக நேரம் தங்கும். பழைய அளவையே போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடுவார்கள். கிளிபென்கிளமைட் மாதிரிப் பழைய சர்க்கரை மாத்திரைகளும் அப்படித்தான், மெட்ஃபார்மின் அறவே கூடாது. இங்கே குத்துவதற்கு முன் சர்க்கரை பார்க்கிறார்கள், சாப்பிட்டது எவ்வளவு என்றும் பார்க்கிறார்கள். சர்க்கரை தாழ்ந்தால் ஆரஞ்சு ஜூஸ் கொடுக்காமல் குளுக்கோஸ் பொடி கொடுக்க வேண்டும் என்பதுகூடத் தாளில் இருக்கிறது. காரணம் மறுபடியும் பொட்டாசியம்தான்.

ரத்தம் ஊறுவதற்கான எரித்ரோபாய்ட்டின் ஊசியை நாங்கள்தான் வாங்கிக் கொடுக்கிறோம். அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது, குலுக்கவும் கூடாது. முதல் மாதம் அதை ஃபிரிட்ஜ் கதவில், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் பார்த்தேன். கதவு ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கும்? சொன்ன பிறகு நடுத்தட்டில் தனி டப்பா, உள்ளே தெர்மாமீட்டர். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஃபிரிட்ஜ் ஓடாது, அதனால் ஜெனரேட்டர் போடுகிற நேரத்தை நோட்டில் எழுதுகிறார்கள். இதை அவர்களாகவே செய்திருக்க வேண்டும், நான் சொல்லிச் செய்தது என்பதால் இதற்கு மார்க் குறைக்கிறேன்.

இன்னொரு குறை, தணிக்கைக்காரியின் கண்ணில் பட்டது. ஒரு நாள் காலை பதினொன்றரை மணிக்குப் போனபோது மதிய மாத்திரைக் கட்டத்தில் டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது. எல்லோருக்கும். கேட்டால், "அப்புறம் வேலை நெருக்கும், அதான் முன்னாடியே போட்டுட்டேன்" என்றார் புதிதாகச் சேர்ந்த பெண். கொடுக்காத மருந்துக்குக் கையெழுத்துப் போட்ட பதிவேட்டை எடுத்துக்கொண்டு எந்த டாக்டரும் முடிவெடுக்க முடியாது. பிரஷர் ஏன் ஏறியது என்று பார்க்க வந்தவர், மாத்திரை உள்ளே போனதாக நம்பி அளவைக் கூட்டிவிடுவார். இப்போது மாத்திரையைக் கிண்ணத்தில் போட்டு, கண் முன்னால் விழுங்க வைத்து, அப்புறம்தான் டிக். மறுத்தால், துப்பினால் அதற்குத் தனிக் குறி. நான் இரண்டு மூன்று தடவை சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தேன், சரியாக இருந்தது.

சரியாகாதது ராத்திரி. இரவில் ஒரு சிஸ்டர், இரண்டு மாடி. மற்றதெல்லாம் உதவியாளர்கள் கையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் விசேஷச் சாப்பாடு, சொதி, இஞ்சித் துவையல் என்று போட்டிருக்கிறார்கள். ராத்திரி வயிறு உப்பலாக இருக்கிறது என்று அண்ணன் சொல்ல, உதவியாளர் பொது அலமாரியிலிருந்து அந்த ரோஸ் நிறத் திரவ மருந்தை இரண்டு மூடி ஊற்றிக் கொடுத்துவிட்டார். டைஜீன், ஜெலுசில் மாதிரியானவற்றில் இருப்பது அலுமினியமும் மக்னீசியமும். கிட்னி இருப்பவருக்கு ஒன்றுமில்லை, டயாலிசிஸ் ஆளுக்கு இரண்டும் உடம்பில் சேரும். இரண்டு மூடியில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பேச்சுவாக்கில் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதே அலமாரியில் மூட்டு வலிக்கு என்று அசிக்ளோஃபெனாக் அட்டையும் இருந்தது. அதைக் கேட்கவே வேண்டாம்: சொட்டுச் சொட்டாக மிச்சம் இருக்கிற சிறுநீரையும் அது நிறுத்திவிடும், வயிற்றில் ரத்தக் கசிவையும் உண்டாக்கும். மெஷினில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போடுகிறார்கள், அண்ணனுக்கு ஆஸ்பிரினும் உண்டு, ரத்தம் கசிந்தால் லேசில் நிற்காது. வலிக்குப் பாராசிட்டமால் போதும் என்பது டாக்டர் கட்டளை.

அலமாரிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். சாவி சிஸ்டரிடம். மலச்சிக்கலுக்கு வைத்திருந்த மக்னீசியா பாட்டிலையும் பாஸ்பேட் எனிமாவையும் எடுத்துவிட்டு லாக்டுலோஸ் வைத்திருக்கிறார்கள். ஆனால் பூட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு சிஸ்டர்தான் என்ற பிரச்சினை அப்படியே இருக்கிறது. டயாலிசிஸ் முடிந்து வந்த ராத்திரிதான் தள்ளாட்டம் அதிகம். கழிவறைக்குப் போகும்போது விழுந்தால், ஹெப்பாரின் போட்ட உடம்பு. மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள் என்று அண்ணனிடம் கேட்டேன். "அது அவுக எந்த மாடியில இருக்காகங்கிறதைப் பொறுத்தது" என்றார்.

யூனிட்டுக்கும் இல்லத்துக்கும் நடுவே போய்வருகிற நோட்டைப் பற்றி மேலே ஒரு வரி சொன்னேன். இடதுபக்கம் இல்லம் எழுதும்: போன தடவையிலிருந்து புதிதாகச் சேர்ந்த மருந்து, நின்ற மருந்து, காய்ச்சல், விழுந்தது, இன்றைய காலைப் பிரஷர். வலதுபக்கம் யூனிட் எழுத வேண்டும்: போகும்போது எடை, வரும்போது எடை, நடுவில் பிரஷர் இறங்கியதா, என்ன ஊசி போட்டார்கள். யூனிட்டில் பாதி நாள் எடை மட்டும்தான் எழுதுகிறார்கள். அவர்களுக்கு ஒரு ஷிஃப்டில் எத்தனை பேரோ, எழுத நேரம் இருக்காது. அங்கே இரும்புச் சத்து ஊசி ஏற்றியது இங்கே தெரியாமல் இரும்பு மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தது ஒரு மாதம். இதை இல்லத்தின் தலையில் கட்ட மாட்டேன். இப்போது சிஸ்டர் வலதுபக்கம் காலியாக வந்தால் சாயங்காலப் போனிலேயே கேட்டு அவரே நிரப்புகிறார்.

செலவு: மாதம் இருபத்தி நாலாயிரம், வேனுக்குத் தனி. மருந்து நம் செலவு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருப்பவர்களுக்குத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் டயாலிசிஸ் அதிலேயே வரும், ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலும் டயாலிசிஸ் உண்டு. அண்ணன் பென்ஷன்காரர், அவர் கணக்கு வேறு.

விசாரிக்கப் போகிறவர்கள் சாயங்காலம் போகாதீர்கள். அந்த நேரத்தில் வரவேற்பறையில் உட்கார வைத்துக் காப்பி கொடுப்பார்கள், பொங்கல் விழாப் படம் காட்டுவார்கள். காலை எட்டு மணிக்கு, மாத்திரை கொடுக்கிற நேரத்தில் போய், டயாலிசிஸ் ஆள் ஒருவருடைய மஞ்சள் தாளையும் வெள்ளைத் தாளையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பெயரை மறைத்துவிட்டுக் காட்டுவார்கள். ராத்திரி எத்தனை சிஸ்டர் என்றும் கேளுங்கள், அந்தக் கேள்விக்கு மேலாளர் முகம் கொஞ்சம் மாறும். இப்போதைக்கு அங்கே டயாலிசிஸ் செய்கிறவர்கள் நாலு பேர். போன மாதம் கடையநல்லூரிலிருந்து ஐந்தாவதாக ஒருவரைச் சேர்க்க வந்தார்கள், கட்டிலும் காலியாக இருந்தது. ராத்திரிக்கு இன்னொரு சிஸ்டர் கிடைக்கிறவரை எடுக்க மாட்டேன் என்று மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார்.